ஃபைட்டர் மீனுக்குச் சிறுவாணித் தண்ணீர்

1. இன்று காலை, சரவணம்பட்டி வீட்டில் மீன் தொட்டிக்காகக் குழாயைத் திறந்தேன்.
2. பிளீச்சிங் பவுடர் வாசம் குப்பென்று வந்தது.
3. தனியாக நின்று சிரித்தேன்.

எனக்கு ஏழு வயதில், துடியலூர் வீட்டில் ஒரு நீல ஃபைட்டர் மீன் இருந்தது. ஃபில்டர் இல்லாத கண்ணாடி ஜாடி என்பதால் வாரந்தோறும் உப்பான ஆழ்குழாய்த் தண்ணீர் மாற்றுவோம். ஒருநாள் அப்பா, "விருந்தாளிக்கு உப்புத் தண்ணியா, கண்ணு?" என்று கேட்டு, அப்போதுதான் குழாயில் வந்த, ருசிக்குப் பேர்போன சிறுவாணிக் குடிநீரை ஊற்றினார். மீன் சாய்ந்து மிதந்தது. நான் அலறினேன்.

அம்மா அதை முந்தின நாள் குடத்துத் தண்ணீருக்கு மாற்றினார். "ஏனுங்க, மருந்து வாசம் போகட்டும்னு நாமளே ஒரு நாள் வெச்சுத்தான் குடிக்கறோம். அதுக்கு மட்டும் சுடச்சுட ஊத்திப்போட்டீங்களே!"

அரை மணி நேரத்தில் மீன் துடுப்பை விரித்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அப்பா மீனிடம் சொன்னார்.

இன்றும் எங்கள் வீட்டில் மீனுக்குத் தண்ணீர் மாற்ற அப்பாவுக்கு அனுமதி இல்லை.