அறாத பொத்தான்

தெருவில் எல்லோருக்கும் அவர் கச்சிதம் அக்கா. எதைத் தைத்துக் கொடுத்தாலும் "கச்சிதமா இருக்கா பாரு" என்று கேட்காமல் விடமாட்டார். முன்னறையில் ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்கத் தொங்கும் பள்ளிச் சீருடைகள், ஒரே மகன். கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். 'சட்டை கிழிந்தாலும் அக்கா தைத்த பொத்தான் விழாது' என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மகன் பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தான். முதல் வாரமே இரண்டு நாள் சட்டையில் பொத்தான் இல்லாமல் வந்தான்.

"என்னடா, பொத்தானைத் தின்னுட்டியா?"

"பசிச்சுது. விடும்மா, லேசா தச்சுக் குடு போதும்."

"லேசாவா? தையல்காரி புள்ள பொத்தான் இல்லாமத் திரிஞ்சா யாரைப் பார்த்துடா சிரிப்பாங்க?"

அவன் குளிக்கப் போன நேரத்தில், நைலான் நூலை நாலு இழையாக எடுத்து, பின்பக்கம் துண்டுத்துணி கொடுத்துத் தைத்தார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அந்தப் பள்ளியில் அதற்குப் 'பொத்தான் வரி' என்று பெயராம். புதிதாக வருகிறவனை மாடிப்படியில் மறித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் ஒரே இழுப்பில் பொத்தானைப் பிடுங்குவார்கள். பிடுங்கிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் மகனின் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதபடி சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும்.

"வரவே இல்ல ஆன்ட்டி. 'டேய், இவன் வரி கட்ட மாட்டேங்கறான்டா'ன்னு சிரிச்சாங்க. அவனுக்கு ஒரு படி கீழ நின்னு ரெண்டு பேரா சேர்ந்து இழுத்தாங்க."

பொத்தான் வரவில்லை. பையன் வந்தான். பன்னிரண்டு படி.

அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதுகெலும்பில் அடி. கால்களில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் ஒரு தாளோடு வந்தார். 'படியில் தவறி விழுந்தான்' என்று எழுதியிருந்தது.

"பசங்க ஏதோ விளையாடிட்டாங்கம்மா. போலீஸு கேஸுன்னு போனா ரெண்டு பேர் வாழ்க்கை பாழாயிடும். நீங்களும் ஒரு தாய்தானே?"

"போட்டுடும்மா கையெழுத்து" என்றான் மகன். "நான் திரும்ப அங்கதான போகணும்? மாட்டிவிட்டவன்னு பேர் வந்தா சும்மா விடமாட்டாங்க."

"இதுக்கு மேல என்னடா பண்ணுவாங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ மட்டும் அன்னிக்கு..." அவன் நிறுத்திக்கொண்டான். அதற்கு அவன் ஓங்கி அறைந்திருக்கலாம்.

அக்கா பேனாவை வாங்கினார். 'தவறி' என்பதை அடித்துவிட்டு, 'இழுத்ததால்' என்று மேலே எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. கீழே கையெழுத்திட்டார். தலைமை ஆசிரியர் தாளை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

மகன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளினார்.

"தெரியுதா கண்ணு?"

"எது?" என்றான் அவன் போர்வைக்குள்ளிருந்து.