வலது காதில் இருந்த பதில்

2024 மார்ச் 13, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கல்லூரியின் மொழி ஆய்வகத்தில் என் வலப்பக்கம் யாரோ பாடினார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒரு காலி நாற்காலியும் உறை போட்டு மூடிய ஒரு கணினியும்தான் இருந்தன. ஹெட்ஃபோனைக் கழற்றினேன், குரல் நின்றது. மறுபடி மாட்டினேன், குரல் வந்தது. ஆறு மாதமாக எனக்கு மனப்பாடமாகியிருந்த பாட்டில், நான் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

அது ஓர் ஆங்கில ராக் இசை நாடகத்தின் ஆல்பத்தில் பதினோராவது பாட்டு. என் அம்மா பிறப்பதற்கு முன்பே எங்கோ தூரத்து நகரமொன்றில் மேடையேறிய நாடகம் அது. நடித்தவர்களே பாடிய இசைத்தட்டை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஆங்கில இலக்கியம் முதுகலை இரண்டாம் ஆண்டில், நாடகப் பாடத்துக்காக வேறு எதையோ தேடியபோது கிடைத்தது. நாடகப் பிரதி எங்கும் இல்லை. பாட்டு வரிகளும் இல்லை. இருந்தது நாற்பத்தெட்டு நிமிடச் சத்தம் மட்டும்.

நாடகத்தைப் பார்க்காமல் கேட்பது எனக்குப் பழக்கமானதுதான். கீரமங்கலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் திருவிழா மேடை போடுவார்கள். தேர்வு என்று காரணம் சொல்லி என்னை அனுப்பமாட்டார்கள். ஆனால் குழாய் ஒலிபெருக்கிக்குத் தேர்வு தெரியாது. ராஜா கோபத்தில் வருகிறாரா, காதலில் வருகிறாரா என்பதை ஆர்மோனியத்தின் வேகத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இந்த ஆல்பத்தில் அந்த வேலையை எலெக்ட்ரிக் கிதார் செய்தது. அதனால் எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

கதையைப் பாட்டுகளின் வழியே நானே கட்டிக்கொண்டேன். துறைமுக நகரம். சலவைக் கடையில் வேலை செய்யும் ஒரு தாய். ஒரு பாட்டுக் குழுவோடு வீட்டை விட்டுப் போய்விட்ட மகள். மூன்றாவது பாட்டில் துறைமுகத் தொழிலாளர் கூட்டமாகப் பாடும்போது தரையில் பூட்ஸ் மோதுவது தாளத்தோடு கேட்கும். ஏழாவது பாட்டில் தாயாகப் பாடும் நடிகை உச்ச சுரத்துக்குப் போவதற்கு முன் மூச்சை இழுப்பதும், அந்த மூச்சு போதாமல் கடைசிச் சொல் கிழிவதும் கேட்கும். அதை ஏன் திருத்திப் பாடாமல் விட்டார்கள் என்று முதலில் நினைத்தேன்; பத்தாவது தடவைக்குப் பிறகு, திருத்தியிருந்தால் நான் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று தோன்றியது. பதினோராவது பாட்டில் தாய் மகளிடம் கேட்கிறாள்: சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை இருக்கிறதா, எப்போது வருவாய். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எட்டுத் தாளச் சுற்றுகளுக்குக் கிதாரும் டிரம்ஸும் மட்டும். பதில் கிடையாது. அந்த இடைவெளிகளில்தான் நாடகத்தின் மொத்தத் துக்கமும் இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன்.

இந்த ஆல்பத்தை நான் தனியாகக் கேட்கவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி கோட்டைப்பட்டினத்துக்காரி. கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய ராத்தா வீட்டில், அதாவது அக்கா வீட்டில், கல்லூரிக்காகத் தங்கியிருந்தாள். இருவரும் தினமும் ஒரே பேருந்தில் ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்குப் போய்வருவோம். பெண்கள் இருக்கையில் ஜன்னலோரம் நான், எனக்கு வலப்பக்கம் அவள். இயர்ஃபோன் ஒன்றுதான். இடது முனை எனக்கு, வலது முனை அவளுக்கு. பாட்டு என் ஃபோனில் மட்டும் இருந்ததால் அவள் அதைக் கேட்டதெல்லாம் பேருந்தில்தான்.

நான் வீட்டிலும் கேட்டேன். ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் கூப்பிடுவது கேட்காது என்று அம்மா சண்டைக்கு வருவாள். ஆகவே வீட்டிலும் இடது முனை மட்டும்தான். வலது முனை என் மடியில் கிடந்து, எனக்குக் கேட்காத எதையோ பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

இருவர் சேர்ந்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை வழங்க வேண்டும் என்று துறையில் சொன்னபோது நாங்கள் இருவரும் இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தோம். மார்ச் முதல் தேதி ஒத்திகை. பேராசிரியை முன்னால், வகுப்பில் இருந்த பதினொரு பேருக்கு முன்னால், பதினோராவது பாட்டின் மௌனத்தைப் பற்றி, தோழிக்கு முன்னதாகக் காட்டாமல் நானே எழுதியிருந்த பகுதியை வாசித்தேன். தாயின் கேள்விகள் வெட்டவெளியில் விழுகின்றன என்று எழுதியிருந்தேன். அப்போது தோழி குறுக்கிட்டு, மகள் பதில் சொல்கிறாளே, எல்லாக் கேள்விக்கும் சொல்கிறாளே என்றாள்.

நான் குரலை உயர்த்துகிறவள் அல்ல. மிகவும் மரியாதையாக, பேராசிரியையைப் பார்த்து, இதைச் சொன்னேன்:

"மேடம், அவ ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். வேகமாப் பாடுனா அவளுக்குப் பிடிபடாது. அதான் தானா ஒண்ணக் கட்டிச் சொல்றா."

யாரோ சிரித்தார்கள். தோழி தன் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, இனி அவளே பேசட்டும் மேடம், நான் பேசவில்லை என்றாள். பேசாவிட்டால் அவளுக்கு மதிப்பெண் இல்லை என்று பேராசிரியை இரண்டு முறை எச்சரித்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாளிலிருந்து பேருந்தில் அவள் டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கைக்குப் போய்விட்டாள். என் பக்கத்தில் பூக்கூடைகளோடு யார் யாரோ உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு நாட்கள். நான் சொன்னது உண்மைதானே, உண்மையை நிதானமாகத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நியாயத்தை நம்பியும் இருந்தேன். ஆனால் அவள் இல்லாமல் அந்தப் பாட்டுகளை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை; மூன்றாவது பாட்டிலேயே நிறுத்திவிடுவேன்.

கருத்தரங்கு மார்ச் 14 காலை. முந்தைய நாள், கட்டுரையில் ஒவ்வொரு கேள்விக்கும் சரியான நிமிடக் கணக்கைக் குறிப்பதற்காக ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவை காது முழுவதையும் மூடும் ஹெட்ஃபோன்கள். அப்படித்தான் அந்தப் பெண் என் வலப்பக்கத்தில் வந்து நின்றாள்.

இடது காதில் தாய் கேட்டாள்: சாப்பிட்டாயா. வலது காதில் மகள் சொன்னாள்: ரொட்டி இருந்தது, யாரோ சூப் கொடுத்தார்கள். இடது காதில்: போர்வை. வலது காதில்: மேளக்காரனின் கோட்டு. அந்தக் காலத்தில் ஸ்டீரியோ பதிவு புதிது. மேடையின் ஒரு பக்கத்தில் நின்றவளை ஒரு காதுக்கும், மறுபக்கத்தில் நின்றவளை மறு காதுக்கும் முழுக்க முழுக்கப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மற்றப் பாட்டுகளில் எல்லாக் குரலும் நடுவில். இது ஒன்றில் மட்டும் இரண்டு பெண்களுக்கு நடுவே வாத்தியங்கள் ஒரு தெருவைப் போலக் கிடந்தன. நான் பார்க்காத மேடையில் அவர்கள் நின்ற இடத்தைக்கூட எனக்குக் காட்டியிருக்கிறார்கள். நான் பாதி மேடையைப் பார்த்துவிட்டு, மறுபாதி காலி என்று ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

கடைசிச் சரணத்தில் கேள்வியும் பதிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. தாயின் குரல் படிப்படியாக இறங்குகிறது, மகளின் குரல் ஏறுகிறது, நடுவில் ஒரே ஒரு சுரத்தில் இரண்டும் சந்தித்துக் கடந்து போகின்றன. எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல. நிம்மதிதான். ஆறு மாதமாக யாரும் பதில் சொல்லாத பெண் என்று நான் நினைத்து வருந்தியவளுக்கு, தொடக்கத்திலிருந்தே பதில் வந்துகொண்டிருந்திருக்கிறது. வெட்கம் அதற்குப் பிறகு, நான்கு மணிக்கு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது வந்தது.

நான்கு நாற்பது பேருந்தில் தோழி டிரைவருக்குப் பின்னால் இருந்தாள். நோன்பு தொடங்கி இரண்டாம் நாள், முகம் வாடியிருந்தது. அவள் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் காய்கறிப் பையை வைத்திருந்தார். அதைக் கீழே இறக்கி எனக்கு இடம் தரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். மூன்று பேர் இருக்கையில் நடுவில் உட்கார்ந்தேன்.

"நோன்பு நேரத்துல என்னயப் பேச வைக்காத. வாயில ஏதாச்சும் வந்துரும்," என்றாள் தோழி, முன்னால் பார்த்தபடியே.

பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றேன்.  மச்சுவாடி தாண்டும் வரைக்கும் சரியான வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது திருத்துவது போல மனதுக்குள்ளேயே அடித்து அடித்து எழுதியதில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில், ஆய்வகத்தில் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னேன்: திரும்பிப் பார்த்தது, காலி நாற்காலி, இடது காதில் தாய், வலது காதில் மகள். அவள் கேட்டது சரி, நான் சொன்னது தவறு என்றேன்.

 அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த அம்மா நெசமாவே பாடுதா?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அந்தப் பாட்டுல அம்மா ஒரு நாளும் கேக்கலடி. பொண்ணு மட்டுந்தான் தனியா பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீதான் அம்மா கேள்வி கேக்குறான்னு சொன்ன. ஒனக்குக் கேக்குதுன்னா இருக்கும்னு நான் நம்புனேன். எனக்குக் கேக்குதுன்னு சொன்னப்ப நீ நம்பல."

ஆறு மாதமாக அவளுக்குக் கேட்காத ஒரு குரலை என் வார்த்தையை வைத்தே அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள்.  சொல்வதற்கு இருந்ததெல்லாம் அவள் சொல்லிவிட்டாள். என் கண்கள் கலங்கியதைக் காய்கறி அம்மாள் கவனித்துவிட்டு, "என்னத்தா, பரிச்சையா?" என்று கேட்டார். தோழிக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம்மா, இவள் பெயிலாகிவிட்டாள் என்று அவரிடம் சொன்னாள்.

பிறகு இயர்ஃபோனைக் கேட்டு வாங்கி, இரண்டு முனைகளையும் தன் காதிலேயே மாட்டிக்கொண்டாள். நான் பதினோராவது பாட்டை வைத்தேன். பேருந்து ஆலங்குடியை நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடுகிற நான்கு நிமிடமும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். முதல் கேள்விக்கு அவள் இடப்பக்கம் தலையைத் திருப்பினாள், நான் ஆய்வகத்தில் வலப்பக்கம் திருப்பியதைப் போலவே. கடைசிச் சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னாள்.

இரண்டாவது தடவை கேட்ட பிறகு, தாயைப் பற்றித் தான் தவறாக நினைத்துவிட்டதாகச் சொன்னாள். என் பேச்சை நம்பினாலும், தன் காதில் மகள் மட்டும் தனியாகப் பதில் சொல்லும்போதெல்லாம், அம்மா வாயே திறக்கவில்லையே, என்ன நெஞ்சழுத்தம் என்று இத்தனை நாளும் அந்தத் தாய்மேல் கோபம் வந்ததாம். துபாயில் இருக்கும் தன் வாப்பா நாலு நாளாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பாவிட்டால் எப்படிக் கோபம் வருமோ அப்படி, என்றாள். நான் தாய்க்காக வருந்தினேன், அவள் மகளுக்காக வருந்தினாள். இரண்டு வருத்தமும் தேவையில்லாதவையாக இருந்தன.

கீரமங்கலம் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தபோது, நாளைக்கு அவள் என்னோடு பேசுவாளா என்று கேட்டேன். வகுப்பில் பேசுவாளா என்பதைத்தான் அப்படிக் கேட்டேன்.

"பேசுறேன். ஆனா நீ மொதல்ல பேசணும். அன்னைக்கு எத்தன பேரு இருந்தாங்களோ அத்தன பேரு முன்னாடி. மேடம்கிட்டத் தனியாப் போயி மெதுவாச் சொல்லிட்டு வார வேலையெல்லாம் வேணாம்."

எனக்கு உண்மையில் அந்த எண்ணம்தான் இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. சரி என்றேன். நோன்பு திறக்க நேரமாகிறது என்று அவள் இறங்கி வேகமாக நடந்தாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, அந்த ஆறு பக்கத்தையும் கிழித்துப் போடாதே, எங்கே தப்பு என்று காட்ட உதவும் என்றாள். அன்று இரவு எனக்குப் பன்னிரண்டு நாட்களாக இல்லாத பசி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கருத்தரங்கு. பேராசிரியை எங்கள் தலைப்பை வாசித்ததும் நான் எழுந்தேன். பதினொரு பேர் இருக்கிறார்களா என்று எண்ணினேன்; ஒருத்தி இன்னும் வரவில்லை. அவளுக்காகக் காத்திருக்க ஐந்து நிமிடம் கேட்டேன். ஏன் என்று பேராசிரியை கேட்டார். நான் சொல்லப்போவதை அவளும் கேட்க வேண்டும் என்றேன். அவள் வந்து உட்கார்ந்த பிறகு, கட்டுரையைத் திறக்காமல், ஆங்கிலத்தில் தயாரித்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னேன்: மகள் பதில் சொல்கிறாள், என் தோழிக்கு அது சரியாகக் கேட்டிருக்கிறது, சரியாகப் புரிந்தும் இருக்கிறது, அன்று நான் சொன்னது பொய், அவள் படித்த பள்ளியைப் பற்றி நான் பேசியது தவறு. பிறகு உட்கார்ந்தேன். தோழி எழுந்து, வகுப்பின் இரண்டு ஸ்பீக்கர்களில் எது இடது என்று கேட்டுவிட்டு, அந்த ஆறு பக்கக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.