தேங்காய் எண்ணெய் குடித்த ஏர் கன்

தேங்காய் எண்ணெய்க்குக் கட்டுப்படாத இயந்திரம் உலகத்தில் கிடையாது என்று நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்கு அது கிட்டத்தட்ட மதம். தலைக்கு அதுதான், தோசைக்கல்லுக்கு அதுதான், கதவுக் கீலுக்கு, சைக்கிள் செயினுக்கு, தேள் கடிக்குக்கூட அதுதான். அப்படியிருக்க, என் டயர் கடைக்கு வந்து சேர்ந்த ஏர் கன்னுக்கு மட்டும் தனியாக ஓர் எண்ணெய் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் எனக்கு எரிச்சல் வருமா வராதா?

ஏர் கன் என்பது சக்கரத்து நட்டுகளைக் கழற்றவும் முறுக்கவும் வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கி. கம்ப்ரஸரிலிருந்து ஹோஸ் வழியாகக் காற்று வரும். விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி படபடவென்று அடித்து நட்டைத் திருப்பும். கையால் கால் மணி நேரம் மல்லுக்கட்டும் வேலை, நிமிஷத்தில் முடிந்துவிடும். தஞ்சாவூரில் அதை விற்றவர் என்னை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார்.

"அண்ணே, காலைல வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆயில் நாலு சொட்டு விடணும். சாயங்காலம் கம்ப்ரஸர் டேங்குக்கு அடியில இருக்கிற டேப்பத் தொறந்து தண்ணிய வடிச்சிடணும். நட்டக் கவ்வுற சாக்கெட்ட மாத்துறப்ப ஹோஸக் கழட்டிட்டு மாத்துங்க, கை தெரியாம விசையில பட்டா வெரல் போயிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. கடைசி முறுக்கு எப்பவும் கையாலதான்."

நான் நன்றாகத் தலையாட்டினேன். மனசுக்குள் வேறு கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. காற்று அடைக்கிற டேங்கில் தண்ணீர் எங்கிருந்து வரும்? கடைசி முறுக்கு கையால்தான் என்றால் இந்தச் சனியனை நான் எதற்கு வாங்குகிறேன்? கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டேன். கடைத் திறப்பு விழாப் புகைப்படத்தில் அதைப் போட்டுக்கொண்டு விமான ஓட்டி மாதிரி நிற்கிறேன்.

அவர் கொடுத்த ஆயில் ஒரு மாதத்தில் தீர்ந்தது. பிறகு என்ன, வீட்டில் செக்கில் ஆட்டிய எண்ணெய் டின் டின்னாக இருக்கிறது. நாலு சொட்டு என்ன, தாராளமாக நாற்பது சொட்டு விட்டேன். விசையை அழுத்தினால் கன் புகையாகத் துப்பும் காற்றில் கடையே மணக்கும். "என்னண்ணே, கடையில யாரு முறுக்கு சுடுறா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. எனக்கு அதில் பெருமை வேறு. அதோடு, கன் எவ்வளவுக்குச் சத்தம் போடுகிறதோ அவ்வளவுக்கு நட்டு இறுகுகிறது என்பது என் இரண்டாவது நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு நட்டின் மேலும் நன்றாகக் கத்த விடுவேன்.

மார்கழி வந்தது.

பொங்கலுக்குச் செங்கரும்பு வெட்டும் நேரம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் தினமும் ஒரு வேனில் பூதலூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக் கட்டுக் கட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் விடிந்தும் விடியாமலும் அந்த வேன் முன்சக்கரம் பஞ்சராகி என் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் எனக்கு நன்கு தெரிந்தவர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, ஓட்டும்போது போனைத் தொடாத ஆள். அப்படி ஒருவர் நம் ஜில்லாவில் இருப்பதே அதிசயம். அந்த அதிசயம் அன்றைக்கு என் தலையில்தான் வந்து விடிந்தது.

பெண்கள் உள்ளே இருந்தபடியே அவசரப்படுத்தினார்கள். பஞ்சரான சக்கரத்து நட்டுகளை ஓட்டுநர் ஏற்கெனவே ஸ்பேனரை மிதித்துத் தளர்த்தி வைத்திருந்தார். நான் ஸ்டெப்னியை மாட்டி, ஐந்து நட்டையும் கன்னால் ஆசை தீரக் கத்த விட்டு, ஜாக்கியை இறக்கி, "போங்க, இனி யானை வந்து இழுத்தாலும் ஆடாது" என்று வேனின் முதுகில் தட்டி அனுப்பினேன்.

அடுத்து வந்தது ஒரு டிராக்டர் டிப்பர். அதன் நட்டில் கன்னை வைத்து அழுத்தினேன். சத்தம் வந்தது. நட்டு அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் சத்தம். டிப்பர்காரர் ஸ்பேனரை மாட்டி ஒரு மிதி மிதித்தார், நட்டு திரும்பிவிட்டது. கன்னால் முடியாதது அவர் ஒரு காலால் முடிந்தது.

இட்லித் தூக்குடன் அப்போதுதான் வந்த என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "என்னங்க, அதுவும் உங்கள மாதிரியே ஆயிடுச்சா? சத்தம் மட்டுந்தான் வருது."

"எண்ணெ பத்தலடி" என்று போத்தலை எடுத்தேன். கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. மார்கழிக் குளிரில் எண்ணெய் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது.

அவள் போத்தலைப் பார்த்தாள், கன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தலைக்குத் தேய்க்கிற எண்ணெயவா இதுக்கு ஊத்துனீங்க? அது உள்ள போயி உறையாதா? வெளியில இருக்கிறதே இப்படிக் கெடக்கு!"

உறைந்துதான் இருந்தது. அதோடு பல மாதப் பிசினும் சேர்ந்திருந்தது. பிறகு கன்னைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் உள்ளே சுழல வேண்டிய தகடுகளைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். அன்றைக்கு நான் செய்ததெல்லாம், வாங்கிய நாள் முதல் தொடாத கம்ப்ரஸர் டேப்பை முதன்முறையாகத் திறந்ததுதான். சுக்குக் காப்பி நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. காற்று அடைக்கிற டேங்கில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்ட அறிவாளியின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவிழ்க்க முடியாத கன் முறுக்கியிருக்குமா?

பதினான்கு பேர். முன்சக்கரம். ஐந்து நட்டு.

ஓட்டுநருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் பேசுகிறவர்களைப் பற்றி நான் அதுவரை பேசிய கண்டனங்களையெல்லாம் அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினேன். வீல் ஸ்பேனரை எடுத்து பைக்கில் செருகிக்கொண்டு, மடித்துக் கட்டிய லுங்கியோடு கிளம்பினேன்.

ஒரத்தநாடு ரோடு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பனி கண்ணை மறைத்தது. கண்ணாடியோ கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மனசு சும்மா இருக்குமா? சக்கரம் கழன்று, வேனுக்கு முன்னால் ஜாலியாக உருண்டு போய், கல்லணைக் கால்வாயில் குதிப்பதைப் பார்த்துவிட்டேன். அடுத்து ஊர் முழுக்க பதினான்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். பதினைந்தாவதாக என் போஸ்டர், விமான ஓட்டிக் கண்ணாடியோடு.

வழியில் ரோட்டோரம் ஒரு டயர் தனியாக நின்றது. பிரேக்கைப் பிடித்து, வண்டியைச் சாய்த்துப் போட்டு, ஓடிப்போய்ப் பார்த்தேன். அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருந்தது. பஞ்சர் கடை விளம்பரம். அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றை என் கடை வாசலிலும் நான்தான் நட்டு வைத்திருக்கிறேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பஞ்சரா?" என்றார். "இல்ல, நான்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன்.

ஒரத்தநாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேன் தெரிந்தது. நான்கு சக்கரத்தோடும் போய்க்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே முந்திப்போய் பைக்கைக் குறுக்கே நிறுத்தினேன்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

ஜன்னலில் ஒரு தலை நீண்டது. "ஏண்ணே, வேனக் கடத்துறீங்களா? கடத்துறதுதான் கடத்துறீங்க, நல்ல வேனாப் பாத்துக் கடத்தக் கூடாதா?"

"லுங்கிய எறக்கி விடு தம்பி மொதல்ல" என்றார் வயதான ஓர் அம்மா. "பொம்பளைங்க இருக்கோம்ல."

"சக்கரம் கழண்டுடும்!"

"கழண்டிருக்கா?"

"இல்ல, கழண்டுடும்!"

"இவரு டயர் கடைக்காரரா, ஜோசியக்காரரா?"

வேலைக்கு நேரமாகிவிட்ட கோபத்தில், கரும்பு வெட்டும் அரிவாளோடு பதினான்கு பேரும் இறங்கி என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த வட்டத்துக்குள் மண்டியிட்டு முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். இழுத்தேன். அசையவில்லை. ஏறி நின்று மிதித்தேன். அசையவில்லை. அடுத்த நட்டு, அதற்கடுத்த நட்டு, ஐந்துமே மலை மாதிரி இருந்தன.

உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்துவிட்டது.

"பாத்தீங்கல்ல?" என்றேன், லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு. "நம்ம கை பட்ட நட்டு. எங்கயாவது அசையுதா? சும்மா ஒரு பொறுப்புக்காகத்தான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். எந்தக் கடைக்காரன் இவ்வளவு தூரம் வருவான், சொல்லுங்க?"

"அதான, யாரு வருவா?" என்றார் அந்த அம்மா. அதில் பாராட்டு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஓட்டுநர் கதவில் சாய்ந்தபடி நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"அண்ணே, வர்ற வழியில டீக்கடையில நிறுத்துனேன். எந்தக் கடையில சக்கரத்தக் கழட்டி மாட்டுனாலும், கொஞ்ச தூரம் போயி நானே ஒரு தடவ ஸ்பேனரப் போட்டுப் பாத்துருவேன். பழக்கம்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "டீக்கடையில நின்னப்பவாவது போன எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்திருந்தா உங்களத் திட்டியிருப்பேன். காலங்காத்தால எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் முறுக்கிய ஐந்து நட்டும் ஆளுக்கு ஒரு முழுச் சுற்றுத் தளர்வாக இருந்திருக்கின்றன. டீ வருவதற்குள் ஐந்தையும் அவர் மிதித்து இறுக்கிவிட்டார்.