இக்கிகே கடலுக்குப் போன மூணு பேர்

செனோபியா ரொட்டி விக்கிறவ. பொலிவியாவுல எங்க ஒரூரோ சந்தையில அவ கடைக்கும் என் பாலாடைக்கட்டிக் கடைக்கும் நடுவுல ஒரு பலகைதான். பதினேழு வருஷமா சண்டையும் சமாதானமுமா உக்காந்திருக்கோம். ஆயுசுல அவ நாட்டை விட்டு வெளிய போனது ஒரே தடவை. புருஷன் ருஃபினோ, ஏழு வயசுப் பொண்ணு யோவானா, இவ, மூணு பேருமா பஸ் ஏறி சிலி நாட்டு இக்கிகேக்குக் கடல் பாக்கப் போனாங்க. நாலே நாள். அந்த நாலு நாளைப் பன்னெண்டு வருஷமா சொல்லிச் சொல்லி என் காதுல ரத்தம் வர வச்சிட்டா.

"அந்தக் கடல் கதையைச் சொல்லேன்"னு யாராவது கேட்டாப் போதும், எண்ணின ரொட்டிக்கு மேல ஒண்ணு கொசுறு விழும். கொசுறுக்காகவே கேக்கற வெக்கங்கெட்டதுங்களை எனக்குத் தெரியும்.

நாங்க ஏரிக்கரை ஜனம். ஏரித் தண்ணி இருந்த இடத்துலயே இருக்கும், சாயங்காலமானா எழுந்து நடந்து வராது. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துல, அந்தக் காலத்துச் சண்டையில சிலிக்காரன் பிடுங்கிக்கிட்ட எங்க கடலைத் திருப்பிக் கொடுன்னு ஊர்வலம் போனோமே ஒழிய, அது ஏறும் இறங்கும்னு எவன் சொல்லிக் கொடுத்தான்? செனோபியா செருப்பு, சாப்பாடு, மூணு பேரோட அடையாள அட்டை எல்லாத்தையும் முதுகுல சுமை கட்டற துணியில மூட்டையாக் கட்டினா. அதைத் தண்ணிக்கு நாலடி தள்ளி வச்சிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அலையில இறங்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பினா, மூட்டை மிதந்து போய்க்கிட்டிருக்கு! ருஃபினோ போட்ட துணியோட பாய்ஞ்சு துரத்தினான். உப்புத் தண்ணியைத் துப்பிக்கிட்டு, வெறுங்கையோட, விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு வந்தான். குழந்தை மணல்ல உருண்டு உருண்டு சிரிச்சா.

"அப்பா மாதிரி சிரிச்சு நான் யாரையும் பாத்ததில்ல சித்தி"ன்னு யோவானா இன்னைக்கும் எங்கிட்ட சொல்லுவா.

ருஃபினோ அந்தப் பயணத்துல இருந்து திரும்பல. "அட்டை போச்சுல்ல, அப்பாவை எல்லையில விடமாட்டேன்னுட்டாங்க"ன்னு செனோபியா பொண்ணுகிட்ட சொல்லி வச்சா. நானும் கூடவே ஒத்து ஊதினேன். பிஞ்சுகிட்ட வேற என்னத்தைச் சொல்ல? யோவானாவுக்கு அந்தக் கதைதான் அப்பா. அது பொய்னு தெரிஞ்ச அன்னைக்கு பொண்ணும் கைவிட்டுப் போயிடுவான்னு செனோபியாவுக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம்.

போன செவ்வாய்க்கிழமை யோவானா விறுவிறுன்னு கடைக்கு வந்தா.

"என் அட்டை மினிபஸ்ல தொலைஞ்சுதில்லம்மா? ஒரே காலையில புதுசு கொடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

"அன்னைக்கு நம்ம ரெண்டு பேர் அட்டையும்தானே கடல்ல போச்சு? நாம மட்டும் எப்படி வந்தோம்?"

செனோபியா ஒரு ரொட்டியைக் கூடையில வச்சா. எடுத்தா. மறுபடி வச்சா. "நம்ம நாட்டுத் தூதரகத்துல தாள் எழுதிக் கொடுத்தாங்க."

"அப்பாவுக்கு?"

"ஏண்டி, வியாபார நேரத்துல உனக்கு வேற வேலை இல்லையா?"ன்னு நான் குறுக்க விழுந்தேன்.

"நீங்க சும்மா இருங்க சித்தி. உங்களுக்கும் தெரியும்."

எனக்கு என்ன தெரியும்? எவளோ ஒருத்தி பின்னாடி ஓடிட்டான்னு நானா நெனச்சுக்கிட்டு, பன்னெண்டு வருஷமா அந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டினவ நான்.

"அவருக்கும் கொடுத்தாங்க,"ன்னா செனோபியா. தலை நிமிரல. "மூணு தாள், மூணு டிக்கெட்டு. பையெல்லாம் மேல ஏத்திட்டு, வழிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வரேன்னு இறங்கினார். பஸ் கிளம்பற நேரம். ஜன்னல் வழியாப் பாக்கறேன், டிக்கெட் கடைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கறார். தோள் குலுங்குது. அழறார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். வேலை பாத்த சுரங்கத்தை மூடினப்புறம் ரெண்டு வருஷம் நம்ம வீட்டுச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன். நீ பாத்தியே அந்தச் சிரிப்பு, அதை நானே அங்கதான் பாத்தேன். துறைமுகத்துல வேலை இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம். எங்கிட்ட சொல்ல தைரியமில்ல. கூப்பிட்டிருந்தா வந்திருப்பார். கட்டாயம் வந்திருப்பார். எனக்கும் ரோஷம், நானா கூப்பிடணுமான்னு. இன்னும் ஆள் வரணுமான்னு டிரைவர் கேட்டான். இல்ல, எடுன்னேன். ஒரு மாசத்துல வந்துடுவார்னு நெனச்சேன்டி."

அடிப் பாவி, இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து எங்கிட்ட கூட வாயத் திறக்கலையே! ரொட்டி வாங்க வந்த பொம்பள ஒருத்தி காசை நீட்டிக்கிட்டே நின்னா, அதை வாங்க ஆளில்ல.

யோவானா கத்தப் போறான்னு நெனச்சேன். கத்தல.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"என் மடியில. தூங்கிட்டிருந்த."

"என்னை எழுப்பியிருக்கலாமேம்மா. நான் கூப்பிட்டிருப்பேனே."