கால் சூடாக இருக்கிறதா

ஹந்தானைப் பக்கம் லொறி ஓட்டியவன். காய்ச்சலோடு இதயத் தசை வீங்கி, இரத்தத்தைத் தள்ளப் பலமில்லாமல் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தான். தொடையில் குழாய் போட்டு, இரத்தத்தை வெளியே எடுத்து, ஒட்சிசன் சேர்த்து, சூடாக்கித் திருப்பி அனுப்பும் மெசினில் இணைத்தோம். அது இதயத்தைக் குணமாக்காது. அவன் இதயம் எழும்பும்வரை அதன் வேலையைச் செய்யும், அவ்வளவுதான்.

எழும்புகிறதா என்று எக்கோ ஸ்கேன் திரையில் பார்ப்பது என் வேலை. காலையில் நெஞ்சில் கருவியை வைத்தபடி மெசினின் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். இதயத்தின் வாசல் வால்வு தானாகத் திறந்தால் பிழைப்பான்.

அவன் மனைவி ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி வருவாள். முதல்நாள் கம்பளி சொக்ஸ் கொண்டுவந்தாள். தாதி தடுத்தார். "குழாய் போட்ட கால்ல ரத்த ஓட்டம் குறையலாம். மூடக் கூடாது. தொட்டுப் பாருங்க, குளிர்ந்தா உடனே சொல்லுங்க."

அன்றிலிருந்து அது அவளுடைய உத்தியோகமாயிற்று. நான் உள்ளே நுழைந்ததும் சொல்வாள், "காலு சூடா இருக்குங்க டொக்டர்."

எனக்கு எரிச்சல் வரும். "காலைச் சூடாக்கிறது மெசின், பிள்ளை. நான் பாக்கிறது நெஞ்சை."

"சரிங்க," என்பாள். கையை எடுக்க மாட்டாள்.

ஒருநாள் வால்வு மெல்லத் திறந்தது. "வாடா ராசா, வா!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவளும் சிரித்தாள். அதன்பிறகு திறக்கவேயில்லை. இதய அறைக்குள் இரத்தம் அசையாமல் நின்று, பால் தயிராவதுபோல உறையத் தொடங்கியது. மூளையும் போய்விட்டது என்று ஸ்கேன் சொன்னது. மாற்று இதயத்துக்கும் வழியில்லை.

மெசினை நிறுத்தப்போகிறோம் என்று அவளிடம் சொன்னோம்.

"சூடாத்தானே இருக்கு? ஏன் நிப்பாட்டுறீங்க?"

விளங்கப்படுத்தினேன். பாழாய்ப்போன வாய், எத்தனை தரம்தான் அதையே சொல்வது! கடைசியில் அவள் தலையாட்டினாள்.

நிறுத்தினோம். திரையில் இதயம் அசையவில்லை. கருவியை எடுத்து, அவன் நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைத்தேன். தாதி திரைச்சீலையை இழுத்துவிட்டார். அவள் கால்மாட்டிலேயே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"டொக்டர், காலு குளிருதுங்க. குளிர்ந்தா ஒடனே சொல்லச் சொன்னாங்களே."