ஊசி சாரின் பட்டப்படிப்பு

திருத்தணியில் பள்ளிக்கூட லேப் அசிஸ்டென்ட் இளங்கோவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘ஊசி சார்’. சட்டைக் காலரின் உள்பக்கம் எந்நேரமும் ஒரு தையல் ஊசி செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி அம்மையார்குப்பம் போய்விடுவார். நெசவுத் தெருவில் வீடு வீடாக நுழைந்து, “காலக் காட்டுங்க” என்பார். ஊசியைத் தீக்குச்சியில் வாட்டி, ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் லேசாகக் குத்துவார். “ஆ” என்று கத்தினால் சிரித்துக்கொண்டே அடுத்த வீடு. கத்தாவிட்டால் அந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகாமல் ஓயமாட்டார். மனுஷனுக்குக் கிறுக்கு என்று பாதி ஊர் சொல்கிறது. அந்த ஊசிக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

அவருடைய அப்பா சாமிநாதன் அதே தெருவில் குழித்தறி நெய்தவர். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கிற தறி. நூல் கொடுத்து, நெய்ததை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கிறவர் முதலாளி கோதண்டம். 1968ல் மெட்ராசில் ஒரு காலேஜில் இளங்கோவனுக்கு பி.எஸ்ஸி. விலங்கியல் கிடைத்தது. அப்போது அவர் ‘அவன்’தான். சாமிநாதன் யோசிக்கவே இல்லை, கோதண்டத்திடம் போய் மூவாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார்.

அந்தத் தெருவில் முன்பணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் மனுஷன், ஆனால் கடன் ஏறுவது தறியின்மேல். அது தீரும்வரை தறி வேறு முதலாளிக்கு நெய்யக்கூடாது. வாங்கினவன் செத்துப் போனாலும் வீட்டில் யாராவது அந்தக் குழியில் இறங்கியே ஆகவேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, ஆனாலும் மீறினவர் யாருமில்லை.

காலேஜில் இளங்கோவனுக்கு மூளை, நரம்பு என்று படிப்பில் ஒரே பைத்தியம். தவளையை அறுத்து, நூலைவிட மெல்லிசான நரம்பைப் பிரித்தெடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நெசவுக்காரன் பிள்ளை, இழை அறுந்தால் அவன் கைக்குத் தெரியும். இரண்டாம் வருஷ லீவில் வீட்டுக்கு வந்தவன், சுவரில் கரிக்கட்டியால் ஒரு ஆளை வரைந்து, காலிலிருந்து தலைவரைக்கும் கோடு இழுத்தான்.

“நைனா, உங்க கால்ல முள்ளு குத்துதுன்னு வையுங்க. இந்த நரம்பு வழியா மூளைக்குப் போனாத்தான் வலிக்கும்.”

“எனக்கு எங்கடா வலிக்குது? குழியில உக்காந்து உக்காந்து ரெண்டு காலும் எப்பவோ மரத்துப் பூடுச்சி” என்று சாமிநாதன் சிரித்தார். வீடே சிரித்தது. நெசவுத் தெருவில் கால் மரத்துப் போவது ஒரு வியாதியா என்ன? பசி எடுப்பது மாதிரி, தினமும் எல்லோருக்கும் நடப்பது.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பிய சாமிநாதன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசல் ஏறினார். மற்றது வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. “நைனா, ஒத்தைச் செருப்போட எங்க போயி வர்றீங்க?” என்று கேலி செய்தவன் இளங்கோவன்தான். நரம்புப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன்.

அடுத்த வருஷம் மிதிக்கட்டையில் கிளம்பியிருந்த ஆணி சாமிநாதனின் உள்ளங்காலைக் கிழித்தது. அவருக்கு உறைக்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். சர்க்கரை வியாதி, காலில் நரம்பு செத்து வெகுகாலம் ஆகிறது, முன்னாடியே கண்டுபிடித்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். காலை எடுத்தார்கள், ஆளும் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாள் தங்கை காஞ்சனா பாவாடையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். இளங்கோவன் பரீட்சை எழுத மெட்ராசுக்குத் திரும்பினான்.

அதிலிருந்துதான் அந்தச் சத்தம். எங்கே நடந்தாலும் பின்னால் யாரோ வருவார்கள். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். டப் என்று ஒன்று, அப்புறம் ஒரு மெத்தென்ற ஒலி. திரும்பினால் ஆளிருக்காது. மத்தியான வெயிலில், ஜனக்கூட்டத்துக்கு நடுவில்கூட அது விடவில்லை. மூளையைப் படித்தவன்தானே, இதெல்லாம் மூளை பண்ணுகிற வேலை என்று தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தான். சமாதானம் காதில் ஏறவில்லை, சத்தம்தான் ஏறியது.

பாஸானதும் இரண்டு வழி இருந்தது. திருத்தணிப் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை, மாசம் நூற்றறுபது. இல்லையென்றால் இன்னும் மூவாயிரம் வாங்கி எம்.எஸ்ஸி. படித்து, மூளை ஆராய்ச்சி, காலேஜ் வாத்தியார், நானூறுக்குமேல் சம்பளம். ரயிலில் ஊர் வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டான். எப்படிப் போட்டாலும் எம்.எஸ்ஸி.தான் ஜெயித்தது. சம்பளம், கடன், வருஷம் எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. அத்தனை வருஷமும் குழியில் உட்காரப் போகிற காஞ்சனா அதில் இல்லை.

வீட்டில் கோதண்டம் வந்து உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை, கணக்கானவர். “படிப்பா தம்பி, நான் குடுக்கறேன். தறி இருக்குது, பொண்ணு நல்லா நெய்துகினு இருக்குது. எனக்கென்ன பயம்?” என்று மடியிலிருந்து பணத்தை எடுத்தார். அம்மா கௌரியம்மாள் தார்க்கட்டையில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தாள்.

அண்ணனைக் கண்டதும் காஞ்சனா குழியிலிருந்து எழப் பார்த்தாள். எழ முடியாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இருண்ணா, காலு மரத்துப் பூடுச்சி.”

 வாசலில் டப் என்று ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. இளங்கோவன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தான். காஞ்சனாவின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “கண்ண மூடு” என்றான்.  

முதல் குத்துக்கு அவள் அசையவில்லை. அவனுக்கு உயிரே போய்விட்டது. சற்று நேரம் காலைத் தேய்த்துவிட்டு மறுபடி குத்தினான்.

“அய்யோ! பைத்தியமாண்ணா உனக்கு?” என்று காஞ்சனா அலறி, அவன் மார்பிலேயே ஓர் உதை விட்டாள்.

மல்லாந்து விழுந்தவன் அப்படியே கிடந்து அழுதான். அழுது முடித்து எழுந்து, “பணம் வேணாங்க மொதலாளி. எனக்கு வேலை கெடச்சிருக்குது” என்றான்.

கோதண்டம் பணத்தை மடியில் செருகிக்கொண்டு போனார். கடன் தீர நாலு வருஷம் ஆயிற்று. சம்பளத்தில் பாதியை அவன் கட்டினான், மீதிக் கடனை அவள் நெய்து கழித்தாள். 1975ல் தறி விடுபட்டது. அந்த ஆவணியிலேயே பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை பார்த்துக் காஞ்சனாவுக்குக் கல்யாணம் செய்தார்கள். படிப்புக்கு வாங்கினதும் அதில் சம்பாதித்ததும் சரிக்குச் சரியாகிவிட்டது, இனிமேல் சத்தம் கேட்காது என்று இளங்கோவன் நினைத்தான்.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது காஞ்சனா பஸ் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றிருந்தாள்.

“ஏண்ணா, அன்னிக்கி எனக்குக் குத்திப் பாத்தியே, அது மூணு வருசம் படிச்சதுல சொல்லிக் குடுத்ததா?”

“ஆங்.”

“அப்போ நைனாவுக்கு ஏண்ணா குத்திப் பாக்கல?”

பஸ் கிளம்பிவிட்டது.  இளங்கோவன் வீட்டுக்குப் போய்த் தையல் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக் காலரில் செருகிக்கொண்டு, எதிர்வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், “காலக் காட்டுங்க” என்றான்.