சென்னாகிதாளெ என்ற பதில்

ஒருவரை முழுதாக நம்பிக்கொண்டே அவரைச் சோதித்துப் பார்க்க முடியுமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்குப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் மென்பொருள் ஒரே சர்வரில் ஓடியது. அது நின்றால் லாரிகளும் நிற்கும். அதனால் இன்னொரு சர்வரைச் சேர்த்து, இரண்டுக்கும் முன்னால் லோடு பேலன்சர் வைத்தோம். அது சர்வர்களிடம் விடாமல் “இருக்கிறாயா?” என்று கேட்கும். பதில் வராவிட்டால் வேலையை மற்றதற்குத் திருப்பிவிடும்.

சோதனையன்று முதல் சர்வரின் கேபிளைப் பிடுங்கினோம். லேபிள் தடையில்லாமல் வந்தது. எல்லோரும் டீக்குக் கிளம்பினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கேபிளை மாட்டிவிட்டு, லேபிள் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸோடு அந்த சர்வருக்கு உள்ள இணைப்பை மட்டும் துண்டித்தேன். லேபிள் நின்றது. ஆனால் சர்வர் “இருக்கிறேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது; லோடு பேலன்சரும் அதை நம்பி வேலையை அனுப்பிக்கொண்டிருந்தது.

“உங்க சந்தேகத்துக்கு ஒரு கோயிலே கட்டலாம் மேடம். வூட்டுக்காரர்தான் பாவம்,” என்றார் உடன் வேலை செய்பவர்.

கேள்வியை மாற்றினோம். இருக்கிறாயா என்று கேட்காமல், ஒரு லேபிளின் விவரத்தை எடுத்துக் காட்டச் சொன்னோம். காட்ட முடியாத சர்வரை லோடு பேலன்சர் உடனே ஒதுக்கியது.

அன்று மதியம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். பகலில் என் ஒரு வயது மகளைப் பார்த்துக்கொள்பவர்.

“பாப்பா எப்படி இருக்காக்கா?”

“சென்னாகிதாளெ.”

நன்றாக இருக்கிறாள். தினமும் இதே பதில்தான். அன்று அது போதவில்லை.

“எவ்ளோ சாப்ட்டா? வீடியோல கொஞ்சம் காட்டுங்கக்கா.”

காட்டினார். மகள் டப்பாவைத் தட்டிச் சிரித்தாள். மறுநாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும். தமிழும் கன்னடமும் கலந்தே பேசும் அக்கா அன்று முழுக் கன்னடத்தில் கேட்டார்.

“நன்ன மேலெ நம்பிகெ இல்வா?” என் மேல் நம்பிக்கை இல்லையா என்று.

“இருக்குதுக்கா...”

“இருந்தா கேக்கமாட்டியே.”

இப்போது கேட்காமலே வீடியோ வருகிறது. அதில் அக்காவின் குரல் இல்லை. மாலையில் குழந்தையைக் கொடுத்ததும் கதவைச் சாத்திவிடுகிறார். அவர் தோளைவிட்டு வர மகள் அழுகிறாள். கணவருக்கு ஷிப்ட் வேலை, அம்மா இருப்பது காவேரிப்பட்டினத்தில். அக்கா முடியாது என்றால் வேறு ஆளில்லை.

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அது வராவிட்டால் என் மனசு அடங்குமா? அக்காவிடம் எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்கட்டும்?